ஒரே வரியில் கேளுங்கள்: தொண்டு நிறுவனங்களுக்கான அட்வகசி பாலபாடம்

ஓர் அலுவலக வாசலில் படி ஏற முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக 14 பக்க மனு. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தோம். அதிகாரி பொறுமையாகப் புரட்டினார், கடைசிப் பக்கம்வரை போனார், மூடி வைத்தார். "எல்லாம் சரிதான். இப்போ நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். நான்கு பேரும் நான்கு விதமாகப் பதில் சொன்னோம். மனு மேசையில் இருந்த மற்ற மனுக்களோடு சேர்ந்துகொண்டது.

அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். அட்வகசி என்ற சொல்லைப் பார்த்து மலைக்க வேண்டாம். படி ஏற முடியாத ஒருவரைத் தூக்கி அலுவலகத்துக்குள் கொண்டுபோய் விடுவது சேவை. அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டவைப்பது அட்வகசி. இரண்டுமே தேவை. சாய்தளம் வரும்வரை யாராவது தூக்கித்தான் ஆக வேண்டும். இந்தச் சாய்தளத்தையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் நிறுவனம் எந்தத் துறையில் வேலை செய்தாலும் அதை உங்கள் பிரச்சினைக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

படி 1: கோரிக்கையை ஒரு வரிக்குள் கொண்டுவாருங்கள்

"மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய வசதிகளைச் செய்துதர வேண்டும்." இந்த வரியை யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாரும் நிறைவேற்றவும் மாட்டார்கள். ஏனென்றால் இதில் செய்வதற்கு ஒரு வேலை இல்லை. இப்போது இதைப் பாருங்கள்: "இந்த அலுவலக முன்வாசலில் உள்ள 3 படிகளுக்குப் பக்கத்தில், கைப்பிடி வைத்த சாய்தளத்தை 3 மாதத்துக்குள் கட்டப் பொறியியல் பிரிவு ஆணையிட வேண்டும்." யார், என்ன, எப்போதுக்குள் என்ற மூன்றும் இருக்கின்றன. குறித்த நாள் வந்ததும் நடந்ததா இல்லையா என்று வாசலில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம்.

வரியைச் சுருக்கினால் கனவும் சுருங்கிவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1992இல் 6 அமைப்புகள் சேர்ந்து தொடங்கியது அது. கண்ணிவெடியை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கும் ஒப்பந்தம் 1980இலிருந்தே இருந்தது. இவர்கள் கட்டுப்பாட்டைத் திருத்தச் சொல்லவில்லை, ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிக்கு முழுத் தடை கேட்டார்கள். மருத்துவர், மனித உரிமையாளர், போரில் காலிழந்தவர் என எல்லோர் வாயிலும் அதே கோரிக்கை. 1997 டிசம்பரில் கனடாவின் ஓட்டாவாவில் 122 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டின் அமைதி நோபல் பரிசு இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் பகிர்ந்து கிடைத்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் அதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், இத்தனை நாடுகள் ஐந்தே ஆண்டில் கையெழுத்துப் போட்டதற்கு அந்த ஒற்றைக் கோரிக்கை பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் ஊழியர் கூட்டத்தில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நாம் என்ன கேட்கிறோம்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தாள்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். எட்டுத் தாளில் எட்டு வெவ்வேறு கோரிக்கை இருந்தால் வெளியே யாரையும் சந்திக்கப் போகாதீர்கள். முதலில் உள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: முடிவெடுப்பவர் யார்?

அலுவலகத் தலைவரைப் பார்த்துச் சாய்தளம் கேட்பீர்கள். "கட்டடம் எங்க பொறுப்பில இல்லையே" என்பார். பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். கட்டடம் ஒரு பிரிவிடம், நிதி இன்னொரு பிரிவிடம், கையெழுத்து மூன்றாமவரிடம்.

ஒரு பெரிய தாளில் இரண்டு கோடு போடுங்கள். மேலிருந்து கீழாக: இந்த விஷயத்தில் இவருக்கு எவ்வளவு செல்வாக்கு? இடமிருந்து வலமாக: நம் பக்கமா, எதிர்ப்பக்கமா? தெரிந்த பெயர்களை எல்லாம் அதில் எழுதி ஒட்டுங்கள். புதிதாக இறங்குபவர்கள் ஏற்கெனவே ஆதரிப்பவர்களோடு கூட்டம் போட்டோ, கடைசிவரை மாறாதவர்களோடு வாக்குவாதம் செய்தோ நாட்களைக் கழிக்கிறார்கள். செல்வாக்கு இருந்தும் இன்னும் முடிவெடுக்காத நான்கைந்து பேர் தாளின் மேல்பகுதியில் நடுவில் இருப்பார்கள். உங்கள் நேரம் அவர்களுக்குத்தான். கோப்பைத் தயார்செய்யும் எழுத்தரின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

படி 3: அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்

ஆதாரம் என்றால் பெரிய ஆய்வறிக்கை என்று நினைத்து நிறையப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வாசலுக்குப் போய் அளந்து பாருங்கள். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்றால் மூன்று படிக்கு 45 செ.மீ. சாய்தளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் சரிவு 1:12, அதாவது 1 செ.மீ. உயர 12 செ.மீ. நீளம் வேண்டும். 45 செ.மீ. உயர 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர். வாசலில் அவ்வளவு இடம் நேராக இருக்கிறதா? இல்லையென்றால் நடுவில் ஒரு சமதள மேடை வைத்துத் திருப்பிக் கட்டலாமா? இந்தக் கணக்கோடு போனால் பொறியாளர் உங்களைப் புகார்க்காரராகப் பார்க்க மாட்டார், தன் வேலையில் பாதியை முடித்துக்கொண்டு வந்தவராகப் பார்ப்பார்.

ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று, எத்தனை பேர் ஏற முடியாமல் திரும்பினார்கள் என்று எண்ணி எழுதுங்கள். எண்ணியதைவிடக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு எண் பொய்யென்று தெரிந்தால் மற்ற எல்லாமும் அதோடு போய்விடும். தகவல் கேட்டுப் பெறும் சட்டம் 1766இல் ஸ்வீடனில் தொடங்கி இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. உங்கள் நாட்டிலும் இருந்தால், கட்டடப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று எழுதிக் கேளுங்கள். "நிதி இல்லை" என்ற பதிலுக்கு அதுதான் மறுமொழி.

படி 4: யார் பேச வேண்டும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2006 டிசம்பர் 13 அன்று பொதுச்சபை ஏற்றது. அதன் 9ஆம் பிரிவு கட்டடங்களுக்குள் தடையின்றிப் போய்வருவதைப் பற்றியது. உடன்படிக்கையை எழுதும் வேலையில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளே உட்கார்ந்திருந்தன. "நாங்கள் இல்லாமல் எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்பது அவர்களின் முழக்கம். உங்கள் நிறுவனத்துக்குள் இதை எப்படிக் கடைப்பிடிப்பது?

வழக்கமாக நடப்பது இதுதான்: பாதிக்கப்பட்டவர் தன் கஷ்டத்தைச் சொல்வார், அறை அமைதியாகும், பிறகு இயக்குநர் கோரிக்கையைச் சொல்வார். இந்த வரிசை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கண்ணீர் ஒருவருடையது, மூளை இன்னொருவருடையது என்று அது பிரித்துவிடுகிறது. கோரிக்கையை அவரிடமே கொடுங்கள். 5.4 மீட்டர் கணக்கையும் அவரே சொல்லட்டும்.

அவருடைய கதையை எங்கே, யாரிடம், எதற்காகச் சொல்லப் போகிறோம் என்று முன்கூட்டியே விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். புகைப்படத்துக்குத் தனியாகக் கேளுங்கள். வேண்டாமென்று தோன்றினால் கடைசி நிமிடத்திலும் அவர் விலகிக்கொள்ளலாம் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கத் தயங்குவார்.

படி 5: ஒத்திகை பாருங்கள்

எல்லோரும் தவிர்க்கும் படி இதுதான். திறமை வளர்வதும் இதில்தான்.

ஒரு ஊழியரை அதிகாரியாக உட்கார வையுங்கள். பேச்சு நடுவில் அவருக்குப் போன் வர வேண்டும். "மனுவைக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்று எழுந்திருக்க வேண்டும். "உங்களுக்கு மட்டும்தான் பிரச்சினையா?" என்று எரிந்து விழ வேண்டும். பேசுபவருக்கு 2 நிமிடம். அடுத்த சுற்றில் 30 விநாடி மட்டும், ஏனென்றால் பல சந்திப்புகள் நடைபாதையில்தான் நடக்கின்றன.

"நிதி இல்லைங்க" என்று வந்தால் என்ன சொல்வது? "சரிங்க. அடுத்த நிதிநிலைக்கான கருத்துரு எந்த மாதம் போகும்? அதில் இதைச் சேர்க்க எங்களிடமிருந்து என்ன வேண்டும்?" விடை தெரியாத கேள்வி வந்தால், "தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியும் விடுங்கள்.

மூன்று பேர் போனால் போதும். ஒருவர் பேசுவார், ஒருவர் குறிப்பெடுப்பார், மூன்றாமவர் பேச்சு திசைமாறும்போது "அந்தச் சாய்தளம் விஷயம்..." என்று திரும்ப இழுத்துவருவார். ஒவ்வொரு முறையும் பொறுப்புகளை மாற்றுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் இயக்குநர் மட்டுமே போகும் நிறுவனத்தில், அவர் விலகும் நாளில் எல்லாத் தொடர்பும் அவரோடு போய்விடும். தினமும் களத்தில் இருக்கும் பணியாளரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கிளம்பும் முன் ஒன்று

சட்டம், கொள்கை பற்றிக் குரல் கொடுப்பது வேறு, ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவு திரட்டுவது வேறு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அறக்கொடைப் பதிவு பெற்ற அமைப்புகள் இரண்டாவதைச் செய்யத் தடை உண்டு. உங்கள் பதிவு விதிகளையும் நிதி வழங்குநரோடு போட்ட ஒப்பந்தத்தையும் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: திரும்பி வந்த அன்றே எழுதுங்கள்

"இன்று எங்களைச் சந்தித்ததற்கு நன்றி. இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் பொறியாளரை அனுப்புவதாகச் சொன்னீர்கள்." இவ்வளவு போதும், ஆனால் அன்றே போக வேண்டும். வாய்வார்த்தை தேதி போட்ட பதிவாக மாறுவது இந்த இடத்தில்தான். சொன்னதைச் செய்தால் நன்றிக் கடிதமும் அனுப்புங்கள். அதிகாரிகளுக்குப் புகார் நிறைய வரும், நன்றி அபூர்வம்.

பிறகு ஒரு குறிப்பேடு. தேதி, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார், அடுத்து யார் என்ன செய்யணும். அதிகாரி மாற்றலாகிப் போவார், புதியவர் வந்து "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்பார். குறிப்பேடு இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

எங்கள் குறிப்பேட்டில் அந்த வாசலுக்கு மட்டும் 11 பதிவுகள். முதல் பதிவில் 14 பக்க மனு இருக்கிறது. கடைசியாக எங்கள் களப்பணியாளர் எழுதியது: "சாய்தளம் முடிந்தது. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை போன் பண்ணணும்."