மொறுமொறுப்பான சாக்லேட் சிப் குக்கீ

மொறுமொறுப்பைத் தீர்மானிப்பது சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை கூடினால் மாவு நன்றாகப் பரவி மெல்லிசாக வேகும். நாட்டுச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் குக்கீ மெத்தென்று ஆகிவிடும். அதனால் வெள்ளை 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 40 கிராம் போதும்.

115 கிராம் வெண்ணெயை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும். இரு சர்க்கரைகளையும் சேர்த்துக் கலக்கி, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் வெனிலா எசன்ஸ் விட்டு அடியுங்கள். 150 கிராம் மைதா, அரை டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் உப்பு இவற்றைச் சலித்துச் சேர்க்கவும். மாவு மறைந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள். மேலும் கிளறினால் குக்கீ கடினமாகும். 120 கிராம் சாக்லேட் சிப்ஸைக் கடைசியில் போடுங்கள்.

பேக்கிங் தாள் விரித்த தட்டில் ஒரு மேசைக்கரண்டி அளவு உருண்டைகளை 7 செ.மீ. இடைவெளியில் வைத்து, லேசாகத் தட்டையாக்கவும். முன்கூட்டியே சூடாக்கிய அவனில் 165 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 நிமிடம். 180 டிகிரியில் ஓரம் கருகும், நடுவில் ஈரம் நிற்கும். நடுப்பகுதியும் பொன்னிறமானதும் எடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். தட்டில் 5 நிமிடம் விட்டு, கம்பி வலைக்கு மாற்றினால் ஆறியதும் இறுகும்.

காற்றுப் புகாத டப்பாவில், முழுக்க ஆறிய பிறகே அடைக்கவும். நமுத்துவிட்டால் 150 டிகிரியில் 5 நிமிடம் மறுபடி சூடாக்கி ஆறவிட்டால் போதும்.