பின் சொக் போய்விட்டதா? ஸ்பிரிங்கை இறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பள்ளத்தில் விழும்போது பைக்கின் பின்பக்கம் 'டக்' என்று இடித்தால் பலரும் உடனே செய்வது, கொக்கி ஸ்பனரை எடுத்து ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றிவிடுவதுதான். இடி கொஞ்சம் குறைந்தமாதிரி இருக்கும். ஆனால் பழுது அநேகமாக ஸ்பிரிங்கில் இல்லை, உள்ளே இருக்கும் ஒயிலில்.

பின் சில்லின் அதிர்வை வாங்கும் சொக் (shock absorber) என்பது ஸ்பிரிங்கும் அதன் நடுவே ஒயில் உள்ள குழாயும் சேர்ந்தது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது குழாய்க்குள் இருக்கும் ஒயில். பிஸ்டனில் உள்ள சிறு துளைகளால் அந்த ஒயில் நெருக்கிக்கொண்டு போகும்போது துள்ளலின் சக்தி சூடாக மாறி அடங்குகிறது. ஸ்பிரிங் வருடக்கணக்கில் நின்றுபிடிக்கும். ஒயில் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஒயில் சீல் அப்படி நின்றுபிடிக்காது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டில் ஒரு துருப்புள்ளி விழுந்தாலே போதும், அது ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலின் விளிம்பை அராவும். ஒயில் கசிந்து காற்றுப் புகுந்தபின் நீங்கள் ஓடுவது வெறும் ஸ்பிரிங்கில்.

யாழ்ப்பாணத்தில் கடல்நீரைக் கடக்கும் பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் போய்வரும் பைக்குகளில் இந்தத் துரு சீக்கிரம் பிடிக்கும். கழுவினால் சரி என்பார்கள், ஆனால் கிணறு உவராக இருந்தால் கழுவியும் உப்புத்தான் மிஞ்சும். கடைசி வாளியாவது நல்ல தண்ணியாக இருக்கட்டும். பிறகு தண்டைத் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் தண்ணியைச் சீலுக்கு நேரே பிடிக்க விடாதீர்கள், தூசியை உள்ளே தள்ளிவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு துணி போதும். சொக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, நாலைந்து கிலோமீற்றர் ஓடிவந்து பாருங்கள். உரும்பிராய், கோண்டாவில் பக்கத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் பைக் என்றால் துடைக்கவே தேவையில்லை. தூசி ஒயிலில் ஒட்டித் தண்டைச் சுற்றிக் கறுத்த பசையாக நிற்கும். அடுத்தது, பைக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சீற்றின் பின்பக்கத்தை உடம்புப் பாரத்தால் அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒருதரம் எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினால் ஒயில் முடிந்துவிட்டது. எழும்பும்போது இடையில் சிக்கினால் தண்டு வளைந்திருக்கலாம்.

இரட்டைச் சொக்கில் நல்ல பக்கம் கெட்ட பக்கத்தை மறைத்துவிடும். அதற்கு, கரடுமுரடான வீதியில் பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் இரண்டின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் சொக் சூடாகும், செத்தது குளிர்ந்திருக்கும். சைலன்சர் இருக்கும் பக்கம் எப்படியும் சூடாக இருக்கும், அதில் ஏமாற வேண்டாம்.

சத்தம் மட்டும் வந்து, ஆட்டம் இல்லையென்றால், சொக்கின் இரண்டு முனையிலும் போல்ட் போகும் வளையங்களான 'கண்'களுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். டபிள் ஸ்ராண்டில் ஏற்றிச் சில்லை மேலும் கீழுமாக அசைக்கும்போது தட்டினால் சொக்கின் புஷ் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் அசைந்தால் அது சில்லு பெயரிங் அல்லது பின் சில்லைப் பிடித்திருக்கும் கையான சுவிங் ஆர்மின் புஷ். சொக் மாற்றி அது தீராது.

ஆபத்து குலுக்கத்தோடு நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது பின் சில்லு துள்ளினால் ரயர் றோட்டைத் தொடாத நேரத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. வளைவில் ஒரு சிறு மேடு வந்தாலே பின்பக்கம் ஊஞ்சல்போல் ஆடும். டபிள்ஸ் போகும்போது பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைற் எதிரே வருபவரின் கண்ணுக்குள் அடிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது கசிந்த ஒயில் ரயரிலோ பிரேக்கிலோ படுவது. ரயரைப் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவலாம். ஒயில் குடித்த பிரேக் சூவைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஒயில் கசிவு மட்டும் என்றால், ஆள் ஏற்றாமல், மெதுவாகக் கராஜ் வரைக்கும் ஓடலாம். கீழ்க்கண்ணில் வெடிப்பு, வளைந்த தண்டு, கழன்ற போல்ட், ஒயில் பட்ட ரயர், இவற்றில் ஒன்று இருந்தாலும் லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரப் பெட்டியில்) ஏற்றிக்கொண்டு போவதுதான் புத்தி.

வாங்கும்போது சோடியாக வாங்குங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் சில்லை இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இழுக்கும். பழைய சொக்கையும் கடைக்குக் கொண்டுபோய், மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை நீளம் ஒன்றா என்று பாருங்கள். கட்டையானது பள்ளத்தில் ரயரை மட்காட்டில் உரச வைக்கும். நீளமானது பின்பக்கத்தைத் தூக்கிச் செயினின் தளர்வையும் மாற்றிவிடும். நிரந்தரமாக மூடிய சொக்கை வெட்டித் திறந்து எஞ்சின் ஒயில் ஊற்றித் தரும் வேலைக்குக் காசைக் கொடுக்க வேண்டாம். தண்டின் துரு அப்படியே இருக்கிறது, புதுச் சீலையும் அது தின்றுவிடும். பக்கத்தில் சிறு குப்பியுள்ள காஸ் சொக்கைத் துளைக்கவோ, சூடாக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் நைதரசன் இருக்கிறது.

மாற்றுவது வீட்டில் செய்யக்கூடியதுதான். பைக் நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு டபிள் ஸ்ராண்டில் ஏற்றுங்கள். ஒருபக்கம் கழற்றிப் பூட்டி முடித்தபின்தான் மறுபக்கம். அப்போது மற்றச் சொக் சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாறி காட், சைலன்சர் இடைஞ்சலாக இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள். வோசர்கள் இருந்த ஒழுங்கை போன் கமராவில் எடுத்து வைத்தால் தலையிடி இல்லை. ரப்பர் புஷ்ஷில் கிறீஸ் பூசக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். நட்டுகளைக் கையால் ஏற்றி, ஸ்ராண்டிலிருந்து இறக்கி, ஒருவர் ஏறி இருக்கும்போது கடைசியாக இறுக்குங்கள். சில்லு தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

ஒரே சொக் உள்ள ஸ்கூட்டியில் சொக்கைக் கழற்றினால் சட்டத்தையும் எஞ்சினையும் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை; சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் முதலில் முட்டுக் கொடுங்கள். நடுவில் மோனோ சொக் உள்ள பைக்கைக் கராஜில் விடுவது நல்லது.

ஸ்பிரிங் படியை இப்போதுதான் தொட வேண்டும். சில்லு தொங்கும்போது அச்சிலிருந்து சீற்றின் அடிச்சட்டம் வரை அளவெடுங்கள். நீங்கள் ஏறி இருக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் அளவெடுங்கள். பின் சில்லுக்கு 100 மில்லிமீற்றர் அசைவு உள்ள பைக்கில் வித்தியாசம் 30 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சரி. கூடினால் ஒரு படி ஏற்றுங்கள், குறைந்தால் இறக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். காஸ் சிலிண்டரோ அரிசி மூட்டையோ ஏற்றும் நாளில் கூட்டி, இறக்கியதும் பழைய படிக்குக் கொண்டுவாருங்கள். செயின் தளர்வையும் அன்றே பாருங்கள். ஒரு கிழமை ஓடியதும் நாலு நட்டுக்கும் மறுபடி ஸ்பனர் வைக்க வேண்டும்.