60 மணி நேர பேப்பர்ல கையில கிடைக்கறது எவ்வளவு? முதல் தடவை கோர்ஸ் பிளான் போடறவங்களுக்கு

ஜூன் மாசம் ஆனா போதும், யாராவது ஒருத்தர் போன் பண்ணிருவாங்க. "அக்கா, கெஸ்ட் லெக்சரர் போஸ்டிங் கிடைச்சிருச்சு, திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும், கோர்ஸ் பிளான் கேக்கறாங்க, உங்கது இருந்தா அனுப்புங்களேன்". அனுப்பறதுல எனக்கொண்ணும் இல்ல. ஆனா என் பிளான் உங்களுக்கு உதவாதுங்க, ஏன்னு கீழ வரும். அதனால நான் எப்படி போடறேன்னு ஒருக்கா முழுசா எழுதி வெச்சுடறேன், இனி கேக்கறவங்களுக்கு இந்த லிங்க் தான்.

நான் இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம். கோபாலபுரம் தாண்டினா தமிழ்நாடு, இந்தப்பக்கம் திரும்பினா சித்தூர் (ஆந்திரா சித்தூர் இல்ல, எங்க பாலக்காட்டு சித்தூர்). கிளாஸ்ல பாதி பேர் தமிழ் மீடியம், பாதி மலையாளம் மீடியம், ஒரு பக்கம் "மிஸ்"ம்பாங்க, இன்னொரு பக்கம் "டீச்சரே"ம்பாங்க. எடுக்கறது பொருளாதாரப் பிள்ளைகளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ். சராசரி, மீடியன்ல ஆரம்பிச்சு கோரிலேஷன் (ரெண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து மாறுதுங்கறது), குறியீட்டெண் (விலை மாதிரி ஒண்ணு காலப்போக்குல எவ்வளவு மாறுச்சுன்னு காட்டற எண்) வரைக்கும் 4 கிரெடிட்.

முதல் வருஷம் நான் பண்ணினது என்னன்னா, சிலபஸ் பிடிஎஃப்பை எடுத்து, ஒவ்வொரு டாபிக்குக்கும் பக்கத்துல போட்டிருந்த மணி நேரத்தை அப்படியே காப்பி அடிச்சு "வாரம் 1, வாரம் 2"ன்னு டேபிள் போட்டு எச்.ஓ.டி கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. கடைசியில குறியீட்டெண்ணுக்கு மிஞ்சினது ரெண்டே பீரியட். ரெண்டு பீரியட்ல குறியீட்டெண் போடற லாஸ்பியர், பாஷே, ஃபிஷர் முறை மூணையும் ஓட்டினேன், ஓட்டினதுங்கறது தான் சரியான வார்த்தை, பரீட்சைல பெரிய கேள்வி அங்கிருந்தே வந்துச்சு. வெளிய வந்த பிள்ளைக என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதுக்கப்புறம் தான் உக்காந்து கணக்கு போட்டேன்.

படி 1: நாளை எண்ணுங்க, டாபிக்கை இல்ல

இதுல தான் நான் வழுக்கி விழுந்தேன், அதனால இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

4 கிரெடிட்னா வாரத்துக்கு 4 மணி நேரம், 15 வாரம், மொத்தம் 60. இது பேப்பர்ல. என் முதல் செமஸ்டர்ல நிஜத்துல போனது என்னன்னு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பார்த்து எண்ணினேன். ஓணம் லீவுல 6, அரசு விடுமுறைல 3, யூனியன் எலெக்‌ஷனுக்கு 2, படிப்புமுடக்குல 2, கலெக்டர் விட்ட மழை லீவுல 2, இன்டர்னல் டெஸ்ட்டுக்கு 2. ஆக 17 போச்சு, மிச்சம் 43. (படிப்புமுடக்குன்னா தெரியாத தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: மாணவர் சங்கம் ஸ்ட்ரைக் அறிவிச்சா கிளாஸ் அப்படியே நின்னுரும், அதுக்குப் பேரு. காலைல 10 மணிக்கு தான் தெரியும்.)

அதனால முதல் வேலை காலண்டர். எல்லைல இருந்தா ரெண்டு காலண்டர் வேணும், ஒண்ணு பத்தாது. எங்க வீட்டுல மலையாள மனோரமா காலண்டரும் தமிழ் தினசரி காலண்டரும் பக்கத்துல பக்கத்துல தொங்கும், நான் ரெண்டையும் பார்த்து தான் குறிப்பேன். ஓணம் ஒரே தேதில நிக்காது, சிங்க மாசத்து திருவோண நட்சத்திரம் என்னைக்கோ அன்னைக்கு. 2024ல செப்டம்பர் 15, 2025ல செப்டம்பர் 5. போன வருஷ பிளானை தேதி மாத்தாம எடுத்தீங்கன்னா அங்கயே அவுட். தீபாவளிக்கு காலேஜ் லீவு ஒரு நாள் தான், ஆனா தமிழ்ப் பிள்ளைக பொள்ளாச்சி, உடுமலைல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு மூணு நாள் கழிச்சு தான் வரும், அந்த வாரம் புது டாபிக் ஆரம்பிக்காதீங்க. பொங்கலுக்கு கேரளாவுல பாலக்காடு உட்பட 6 மாவட்டத்துக்கு லோக்கல் லீவு உண்டு, மத்த மாவட்டத்துல இருந்து டிரான்ஸ்ஃபர் ஆகி வர்றவங்க இதை மறந்துடறாங்க. அடுத்த செமஸ்டர்ல சித்தூர் கொங்கன்படை வேற வரும். கொங்கு நாட்டுப் படையை பகவதி விரட்டினதா சொல்ற திருவிழா, அதைப் பார்க்க கொங்குத் தமிழ் பேசற பிள்ளைக தான் முதல் ஆளா போய் நிக்கும்.

குறிச்சாச்சா, இப்ப கூகுள் ஷீட். எக்ஸெல் வேண்டாங்க, ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி, வீட்டுல ஒரு காப்பின்னு ரெண்டு இருக்கும், எது புதுசுன்னு தெரியாம மண்டை காயும். நெட்வொர்க்டேஸ்.இன்டிஎல்னு (NETWORKDAYS.INTL) ஒரு ஃபார்முலா இருக்கு. ஆரம்ப தேதி, முடியற தேதி, வாரத்துல எந்தெந்த நாள் கிளாஸ் இல்லைங்கற ஏழு எழுத்து, கடைசில லீவு தேதிகள் இருக்கற நெடுவரிசை, இந்த நாலைக் கொடுத்தா எத்தனை நாள் கிடைக்கும்னு சொல்லிரும். ஏழு எழுத்துங்கறது திங்கள்ல ஆரம்பிக்கும், கிளாஸ் இருந்தா 0, இல்லைன்னா 1. எனக்கு திங்கள், புதன், வியாழன், வெள்ளி, அதனால "0100011". இதை கண்டிப்பா மேற்கோள் குறிக்குள்ள போடணும்! நான் குறி இல்லாம போட்டு ஒரு மணி நேரம் எரரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன், அது நம்பர்னு நினைச்சு முன்னாடி இருக்கற சைபரை முழுங்கிருது.

அப்டேட்: ஒரு வாசகர், புதன்கிழமை அவருக்கு ரெண்டு பீரியட், கணக்கு குறைவா வருதுன்னார். ஆமா, அது நாளைத் தான் எண்ணும், பீரியடை எண்ணாது. புதனுக்கு மட்டும் "1101111"னு தனியா ஒரு தடவை ஓட்டி, வர்ற எண்ணை மொத்தத்தோட கூட்டிக்கோங்க.

வர்ற விடைல இருந்து இன்னும் 4 கழிங்க. மழை, படிப்புமுடக்கு, உங்க சொந்தக் காய்ச்சல் எல்லாத்துக்கும் சேர்த்து அது. எனக்கு போன தடவை 49 வந்துச்சு, 45னு வெச்சுகிட்டேன். யுனிவர்சிட்டி கேக்கற மணி நேரத்தைக் குறைக்க முடியாது, அதனால மிச்சத்துக்கு சனிக்கிழமை காம்பன்சேஷன் கிளாஸ் எடுத்து ஈடுகட்டணும், அந்த சனிக்கிழமைகளையும் முதல் நாளே தேதியோட சொல்லிருங்க. கடைசி மாசத்துல திடீர்னு சனிக்கிழமை வான்னா ஒருத்தரும் வர மாட்டாங்க.

படி 2: கடைசில என்ன செய்யத் தெரியணும்

இதை சுருக்கமா முடிச்சுக்கறேன், எல்லா டிரெய்னிங்லயும் சொல்றது தான். 1956ல புளூம் குழு போட்ட கற்றல் நிலைகளோட அடுக்கு, 2001ல திருத்தினது, தமிழ்நாட்டுப் பக்கம் நிறைய காலேஜ்ல வினாத்தாள்லயே கே1, கே2ன்னு போடறாங்களே அதே தான். கோர்ஸ் அவுட்கம்ல "புரிந்துகொள்வர்"னு மட்டும் எழுதாதீங்க. புரிஞ்சுதா இல்லையான்னு எதை வெச்சு பார்ப்பீங்க? "ரெண்டு சந்தையோட தேங்காய் விலையைக் கொடுத்தா எதுல ஏற்ற இறக்கம் அதிகம்னு திட்ட விலக்கம் போட்டு சொல்வாங்க"ன்னு எழுதுங்க. அப்படி எழுதினாலே டெஸ்ட் கேள்வி தானா வந்துரும்.

படி 3: மணி நேரத்தைப் பங்கு போடறது

மாட்யூல் (பாடப்பகுதி) நாலுன்னு சமமா நாலால வகுத்துட்டு போயிராதீங்க. போன வருஷம் எந்த இடத்துல பிள்ளைக திணறினாங்களோ அங்க அதிகம். என் 45ல 9 ஓப்பன் எண்டட் மாட்யூலுக்கு (நாமளே வடிவமைக்கற அஞ்சாவது மாட்யூல், கீழ சொல்றேன்), மீதி 36ஐ நாலு மாட்யூலுக்கு 7, 9, 12, 8ன்னு வெச்சேன். அந்த 12 கோரிலேஷனுக்கு.

2024 ஜூலைல கேரளாவுல நாலு வருஷ டிகிரி வந்ததுல இருந்து காலிகட் யுனிவர்சிட்டி பேப்பர்ல அஞ்சாவது மாட்யூலை நாமளே வடிவமைக்கணும், அதுக்கு இன்டர்னல்ல 10 மார்க். நிறைய பேர் இதைக் கடைசி ரெண்டு வாரத்துக்குத் தள்ளி ஒரு செமினார் வெச்சு முடிச்சுடறாங்க. நான் மூணாவது வாரத்துலயே ஆரம்பிச்சுருவேன். எல்லைல இருக்கறதுல ஒரே வசதி இது தான். அந்தப்பக்கம் பெட்ரோல் விலை ஒண்ணு, இந்தப்பக்கம் ஒண்ணு (கேரளாவுல 2023 ஏப்ரல்ல இருந்து லிட்டருக்கு 2 ரூபா செஸ் வேற சேர்ந்துச்சு). தக்காளி, தேங்காய், பெட்ரோல் விலையை வாரா வாரம் ரெண்டு பக்கமும் குறிச்சுட்டு வரச் சொல்வேன். குறியீட்டெண் மாட்யூல் வர்றப்ப கையில சொந்த டேட்டா ரெடியா இருக்கும். பைக் வெச்சிருக்கற பசங்க யாரும் சொல்லாமலே இதை எப்பவோ ஆராய்ச்சி பண்ணி முடிச்சுட்டாங்கங்கறது வேற விஷயம், எல்லாரும் கோபாலபுரம் தாண்டித் தான் டேங்க் ஃபுல் பண்றாங்க.

படி 4: எதிர்பார்ப்பு தாள்

ஒரே பக்கம். ரெண்டாவது பக்கம் போச்சுன்னா யாரும் படிக்க மாட்டாங்க. முதல் வருஷம் இங்கிலீஷ்ல 6 பக்கம் கொடுத்தேன், அடுத்த வாரம் அதுல ஒண்ணு கேண்டீன்ல பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) எண்ணெய் ஒத்தி எடுத்த பேப்பரா கிடந்துச்சு. இப்ப இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம், டெக்னிக்கல் சொல் மட்டும் அப்படியே இங்கிலீஷ்.

அதுல என்ன இருக்கணும்னா, டெஸ்ட் தேதி, அசைன்மென்ட் தேதி, எதுக்கு எவ்வளவு மார்க், என்னை எப்ப எங்க பார்க்கலாம், லேட்டானா என்ன. அட்டெண்டன்ஸை 75 சதவீதம்னு எழுதாம மணி நேரமா எழுதுங்க. 60க்கு 45, அதாவது விடக்கூடியது 15. ஓணத்துக்கு முன்னாடி 2 நாள், தீபாவளிக்கு 2 நாள், வீட்டுல ஒரு கல்யாணம்னு அவங்களே விரல் விட்டு எண்ணிப் பார்த்து முழிப்பாங்க.

முதல் பீரியட் 9.30, பொள்ளாச்சில இருந்து வர்ற பஸ் 9.40. இது அந்தப் பிள்ளைக தப்பா? அதனால முதல் பத்து நிமிஷம் முந்தின நாள் கணக்கு ஒண்ணு போர்டுல, அட்டெண்டன்ஸ் 9.40க்கு, அதுவும் தாள்ல எழுதியிருக்கும். 9.45க்கு வந்துட்டு பஸ்ஸைக் காட்டினா நான் கேக்க மாட்டேன்.

லேட் விஷயம் தான் பெரிய தலைவலி. "தாமதமாகத் தந்தால் மதிப்பெண் குறைக்கப்படும்"னு ஒரே வரி எழுதியிருந்தேன். எவ்வளவு குறையும்? எழுதல. ஒரு பையன் நாலு நாள் கழிச்சு கொண்டு வந்தான், அப்பா கள்ளு இறக்கற மரத்துல இருந்து விழுந்து ஆஸ்பத்திரில இருந்திருக்காரு, அதை அவன் சொல்லவே இல்ல, நான் 3 மார்க் குறைச்சுட்டேன். இன்னொரு பொண்ணு ஜுரம்னு அழுதுச்சு, விட்டுட்டேன். அப்புறம் தான் ரெண்டு கதையும் தெரிஞ்சுது. பேசத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சட்டம், வாய் திறக்காதவங்களுக்கு ஒரு சட்டம்னு நானே ஆக்கி வெச்சிருக்கேன்.

இப்ப இப்படி: செமஸ்டருக்கு ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு தடவை 2 நாள் அவகாசம். காரணம் கேக்க மாட்டேன், சொல்லவும் வேண்டாம், தாள் மேல "அவகாசம் 1"னு எழுதினா போதும். அதுக்கு மேல போனா நாளுக்கு 10ல 1 மார்க் குறையும். திருத்தின தாளை கிளாஸ்ல திருப்பிக் கொடுத்துட்டேன்னா அப்புறம் வாங்க மாட்டேன். ஆஸ்பத்திரி மாதிரி பெரிய விஷயம்னா தனியா வந்து பாருங்க.

இதுல ஒரு கூத்து. மலையாளப் பக்கத்தை நானே எழுதினேன், அங்கயும் "அவகாசம்"னே போட்டுட்டேன். மலையாளத்துல அதுக்கு உரிமைன்னு அர்த்தம்! "டீச்சரே, ரெண்டு நாள் லேட் எங்க அவகாசம்னு டீச்சர் தானே எழுதிக் கொடுத்தது"ன்னு ஒரு கூட்டம் ஸ்டாஃப் ரூம் வாசல்ல. யோசிச்சுப் பார்த்தா அவங்க சொல்றது சரி தானே, காரணம் கேக்க மாட்டேன்னு நான் சொன்னப்புறம் அது உரிமை தான். மாத்தாம அப்படியே விட்டுட்டேன். ஆனா நீங்க தாய்மொழியா பேசற ஒருத்தர் கிட்ட காட்டிட்டு பிரிண்ட் போடுங்க, எல்லாத் தப்பும் இப்படி நல்லபடியா முடியாது.

அசைன்மென்ட் வாங்க கூகுள் கிளாஸ்ரூம், இல்லைன்னா கையில தாள். வாட்ஸ்அப்ல மட்டும் வாங்காதீங்க, சாய்ஞ்ச போட்டோ, பாதி நிழல், நடுவுல குட்மார்னிங் பூ. வாட்ஸ்அப் குரூப் அறிவிப்புக்கு மட்டும், அதுவும் அட்மின் மட்டும் எழுதற மாதிரி.

படி 5: முதல் நாள்

தாளை வாசிச்சுக் காட்டாதீங்க, தூங்கிருவாங்க. நாலு நாலு பேரா உக்கார வெச்சு அஞ்சு சங்கடம் கொடுங்க. "டெஸ்ட் அன்னைக்கு காய்ச்சல், என்ன பண்ணுவே?" "9.42க்கு வந்தே, அட்டெண்டன்ஸ் உண்டா?" விடையைத் தாள்ல தேடி அவங்க சொல்லணும். 20 நிமிஷம் தான் ஆகும். போன வருஷம் ஒரு குரூப் என் தாள்ல ரெண்டு விதி ஒண்ணுக்கொண்ணு முட்டுதுன்னு கண்டுபிடிச்சுது. ஒரு அசைன்மென்ட்டுக்கு தேதி இன்டர்னல் டெஸ்ட் அன்னைக்கே போட்டிருக்கேன். அங்கயே பேனால அடிச்சு மாத்தினோம்.

அப்டேட் 2: ஆந்திராவுல நகரி பக்கம் ஒரு காலேஜ்ல வேலை பாக்கற வாசகர் ஒருத்தர், தமிழும் தெலுங்கும் பாதி பாதி, ரெண்டும் ஒரு பக்கத்துல கொள்ளலைன்னு எழுதியிருந்தார். எழுத்து சின்னதாக்காதீங்க, விதியைக் குறைங்க. "செல்போன் அணைத்து வைக்க வேண்டும்" மாதிரி காலேஜ் நோட்டீஸ் போர்டுல ஏற்கனவே இருக்கறது எல்லாம் உங்க தாளுக்கு எதுக்கு?

படி 6: நாலாவது வாரம்

அரைத்தாள், பேர் எழுத வேண்டாம், மூணு கேள்வி. எது புரியுது, எது புரியல, நான் எதை மாத்தணும். போன தடவை வந்ததுல முக்கியமானது ரெண்டு. போர்டுல கீழ எழுதறது கடைசி பெஞ்சுக்குத் தெரியலைங்கறது ஒண்ணு, தமிழ்ல ஜோக் சொன்னா அதை மலையாளத்துலயும் சொல்லுங்க டீச்சர்ங்கறது இன்னொண்ணு. முதல் வேலையா இப்ப போர்டோட மேல் பாதில மட்டும் எழுதறேன். ஜோக்கை நிறுத்திட்டேன்.

அந்த வாரமே ஷீட்ல எத்தனை மணி நேரம் பின்தங்கியிருக்கீங்கன்னு பார்த்து தேதிகளை மாத்துங்க. மாத்தினா மேல "பதிப்பு 2"ன்னு தேதியோட எழுதி, போர்டுல ஒட்டியிருக்கற பழைய தாளைக் கிழிச்சு எடுத்துட்டு புதுசை ஒட்டுங்க. பழசு ஒண்ணு எங்கயாவது ஒட்டியிருந்தாலும் டெஸ்ட் அன்னைக்கு காலைல அதை போட்டோ எடுத்துட்டு ஒருத்தன் வந்து நிப்பான்.