பழைய சுவரில் இருக்கும் கொசுத்தேனீயை மாந்தோப்புக்கு மாற்றுவது எப்படி?

கே.வி.குப்பம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் மாந்தோப்பு, பெங்களூராவும் பங்கனபள்ளியும். போன கார்த்திகையில் ஊருக்குள் இருந்த மண்சுவர் வீட்டை இடிக்க வேண்டி வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து திண்ணைச் சுவரில் கொசுத்தேனீ என்கிற கொட்டாத சின்னத் தேனீயின் கூடு ஒன்று உண்டு. அதை மண்ணோடு மண்ணாக்க மனம் வரவில்லை.

மாம்பூவுக்கு ஈக்களே போதாதா என்று கேட்பார்கள். ஈயும் வேண்டும், தேனீயும் வேண்டும். ஒரே கொத்தில் ஆண் பூவும் இருபால் பூவும் கலந்திருக்கும். இருபால் பூவுக்கு மகரந்தம் போய்ச் சேர்ந்தால்தான் பிஞ்சு. கொசுத்தேனீ 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அவ்வளவு சின்னப் பூவிலும் உட்கார்ந்து நிதானமாக வேலை செய்யும். பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீயும் நல்லதுதான். ஆனால் 1991-92-ல் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் தென்னிந்தியா முழுக்க அந்தக் கூட்டங்களை அழித்ததைப் பார்த்த அப்பா, அதன் பிறகு பெட்டியைத் தொடவே இல்லை.

முதலில் பெட்டி. 2 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையில், உள்ளே 2 லிட்டர் கொள்ளுமளவு போதும். பென்சில் நுழைகிற மாதிரி ஒரு துளை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ஓஹெச்பி தாளை (கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் தாள்) போட்டால் திறக்கும்போது கூடு கிழியாது. பானையிலும் வைக்கலாம், ஆனால் பின்னால் பிரித்து இரண்டாக்க மரப்பெட்டிதான் சுலபம். பிளைவுட் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

காலையில் சுவரை உளியால் மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். இவை கொட்டாது, ஆனால் முடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும். தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி இருப்பது புழு அறைகள். அதைத் தலைகீழாகத் திருப்பக் கூடாது. முட்டை கூழுணவின் மேல் நிற்கிறது. கவிழ்ந்தால் மூழ்கிச் செத்துவிடும். எது மேல்பக்கமோ அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். வயிறு பருத்த ராணி பெரும்பாலும் இந்தக் கொத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். அது பறக்காது. கையால் பிடிக்காமல் ஒரு இலையில் ஏறவிட்டு உள்ளே விடுங்கள். மகரந்தத்தையும் தேனையும் இவை சின்னச் சின்ன மெழுகுக் குடங்களில் சேர்த்து வைத்திருக்கும். உடையாத மகரந்தக் குடங்கள் நாலைந்தை ஓரத்தில் வைக்கலாம். உடைந்த தேன் குடம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

பழைய வாசலில் பிசினால் கட்டிய குழாய் இருக்குமே, அதைப் பெயர்த்துப் பெட்டியின் துளையில் ஒட்டிவிடுங்கள். பிறகு பெட்டியின் வாய் பழைய வாசல் இருந்த அதே இடத்தில் வரும்படி வைத்துவிட்டு நகருங்கள். இருட்டுவதற்குள் வெளியே போனவை எல்லாம் உள்ளே வந்துவிடும். அப்புறம் வலைத்துணியால் வாயை மூடலாம்.

இதற்கு அடுத்த இடத்தில்தான் எனக்குத் தவறியது. எங்கள் தோப்பு வீட்டிலிருந்து 300 மீட்டர்தான். அன்று இரவே நேராகத் தோப்பில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் மதியம் பார்த்தால், இடித்த சுவர் இருந்த இடத்தில் ஒரு கூட்டம் தேனீ ஆதரவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. சில நூறு மீட்டர் வட்டத்துக்குள் இரை தேடும் பூச்சி அது. அந்த வட்டத்தில் உள்ள வழியெல்லாம் அதற்கு மனப்பாடம். தோப்பும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது, அதனால் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, சுவர் இருந்த இடத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். சாயங்காலம் எல்லாம் ஏறிக்கொண்டன. அன்றிரவே குடியாத்தத்துக்கு, சித்தப்பா வீட்டுக்கு எடுத்துப் போய், மூன்று வாரம் கழித்துத்தான் தோப்புக்குக் கொண்டுவந்தேன். இந்த முறை ஒன்றுகூடப் பழைய இடத்துக்குப் போகவில்லை. உங்கள் தோப்பு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் இந்தச் சுற்று தேவையில்லை, நேராகவே கொண்டுபோகலாம்.

தையில் பூ விரியும்போது, பூங்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கத் தோன்றும். அடிப்பதானால் பூங்கொத்து விரியும் முன்பே அடித்துவிடுங்கள். பூ விரிந்த பிறகு இமிடாகுளோபிரிட் மாதிரிப் பூச்சிமருந்தைத் தெளித்தால், காசு கொடுத்துத் தேனீயைக் கொல்கிறோம் என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: ஆம்பூரிலிருந்து எழுதிய ஒருவரின் பெட்டியில் பத்தே நாளில் கூன் முதுகுடன் குட்டி ஈக்களும் புழுக்களும் வந்துவிட்டன. விசாரித்தால், உடைந்த மகரந்தக் குடங்களையும் வீணாக்க வேண்டாமென்று உள்ளேயே வைத்திருக்கிறார். அந்த வாசனைக்குத்தான் ஈ வருகிறது. உடைந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, இடுக்குகளை மாஸ்கிங் டேப்பால் அடைக்கச் சொன்னேன். எறும்புக்கு, ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் டப்பாவில் நிறுத்துங்கள்.

இன்னொருவர் தகரக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டு, சித்திரையில் மெழுகு உருகி மொத்தக் கூட்டத்தையும் இழந்திருக்கிறார். தகரத்துக்கு அடியில் நிழல் இருக்குமே தவிரக் குளிர்ச்சி இருக்காது. மாமரத்தின் கிழக்குப் பக்கம், கிளைக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் வையுங்கள்.