கல்லூரி வளாகத்தில் வாக்காளர் பதிவு முகாம்: அமெரிக்க மாணவர்களை முதல் வாக்கு வரை கொண்டுசேர்ப்பது எப்படி

அமெரிக்க இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. எண்கள் அப்படிச் சொல்லவில்லை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், 18 முதல் 29 வயதினரில் 2014 இடைக்காலத் தேர்தலில் (இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வருவது) வாக்களித்தவர்கள் 13 சதவீதம். 2018இல் அது 28, 2020 அதிபர் தேர்தலில் 50, 2022இல் மறுபடி 23. இரண்டே ஆண்டில் ஒரு தலைமுறையின் அக்கறை இரட்டிப்பாவதும் பாதியாவதும் நடக்கிற காரியமல்ல. கல்லூரி மாணவர்களை மட்டும் தனியே எடுத்தாலும் 2014இல் 19 சதவீதம், 2018இல் 40.

இவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது காகித வேலையில். இந்தியாவில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பட்டியலோடு வீட்டுக்கு வருவார். அமெரிக்காவில் பெரும்பாலும் வாக்காளர் தானே முயன்று பதிய வேண்டும், வீடு மாறினால் முகவரியையும் தானே மாற்ற வேண்டும். ஆண்டுதோறும் அறை மாறும் மாணவருக்கு இதுதான் முதல் தடை. ஒருவர் எதிரில் நின்று படிவத்தைக் கொடுத்தால் அந்தத் தடை பத்து நிமிடத்தில் நீங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படி ஏற்பாடு செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். 2026இல் அது நவம்பர் 3. பதிவுக்கான கடைசி நாளைத் தேர்தலுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக வைக்கக் கூடாது என்பது 1993ஆம் ஆண்டின் கூட்டாட்சி (மத்திய அரசு) சட்டம். அந்த எல்லைக்குள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. டெக்சஸில் முழு 30 நாள், பென்சில்வேனியாவில் 15 நாள். மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில் தேர்தல் நாளன்றே பதியலாம். வடக்கு டகோட்டாவில் பதிவே கிடையாது.

கடுமையான மாநிலத்தை வைத்துக் கணக்கிட்டால் அக்டோபர் முதல் வாரத்தோடு கதவு மூடிவிடும். வகுப்புகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குவதால் கையில் இருப்பது ஐந்து வாரம். பேராசிரியர்களிடம் வகுப்பு நேரம் கேட்கும் கடிதங்கள் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே போயாக வேண்டும். பாடத்திட்டம் அச்சான பிறகு கேட்டால் இடம் கிடைக்காது. கல்லூரி நிர்வாகம் தயங்கினால், பதிவுப் படிவங்களை மாணவர்களுக்குக் கிடைக்கச் செய்ய நல்லெண்ண முயற்சி எடுக்க வேண்டும் என்று 1998இல் திருத்தப்பட்ட உயர்கல்விச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களின் கல்லூரிகளைக் கேட்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதன் பிறகு பேச்சு சுமுகமாகும்.

படிவத்தை யார் வாங்கலாம்

நிரப்பிய படிவத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். டெக்சஸில் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகம் நியமித்த தன்னார்வப் பதிவாளர்தான் வாங்கலாம். அதுவும் அந்தக் கவுண்டியில் வசிப்பவர்களிடம் மட்டுமே. ரசீது தர வேண்டும், ஐந்தாம் நாளுக்குள் நேரில் ஒப்படைக்க வேண்டும். புளோரிடாவில் அமைப்பாகப் பதிந்துகொண்ட பிறகே படிவம் சேகரிக்கலாம், 10 நாளுக்குள் சேர்க்க வேண்டும், தாமதத்துக்கு அபராதம் உண்டு. இணையத்தில் பதிய முடிகிற மாநிலங்களில் மாணவர் தன் கைபேசியிலேயே முடித்துவிடலாம், காகிதம் உங்கள் கைக்கே வராது. முடிந்த இடத்திலெல்லாம் அதுவே பாதுகாப்பு.

பரிசு விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. அதிபர், நாடாளுமன்றம் போன்ற கூட்டாட்சிப் பதவிகளுக்கான வேட்பாளர்கள் இடம்பெறும் தேர்தலில், பதிவதற்கோ வாக்களிப்பதற்கோ விலையுள்ள எதையும் கொடுப்பது ஐந்தாண்டு சிறை வரை போகக்கூடிய குற்றம். 'பதிந்தால் ஒரு துண்டு பீட்சா' என்ற பலகை இதில் அடங்கும். பீட்சா வைப்பதானால் மேசைப் பக்கம் வருகிற எல்லோருக்கும் கொடுங்கள், பதிந்தீர்களா என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சியின் சட்டை, பேட்ஜ், ஸ்டிக்கரும் மேசையில் இருக்கக் கூடாது.

முதல் கேள்வி: குடியுரிமை

படிவத்தை நீட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பிறந்தவர் குடிமகன். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோருடன் சிறுவயதில் வந்து, பள்ளிக்கூடம் முழுவதையும் இங்கேயே முடித்து, பேச்சிலும் பழக்கத்திலும் அமெரிக்கராகவே இருக்கிற பதினெட்டு வயதுக்காரர் குடிமகன் அல்லாமல் இருக்கலாம். பச்சை அட்டை (கிரீன் கார்டு, நிரந்தர வசிப்புரிமை) வைத்திருப்பவருக்கும் இந்தத் தேர்தல்களில் வாக்கு இல்லை. பச்சை அட்டையோடு பெற்றோரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது நிறையும் முன் அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றிருந்தால் பிள்ளைக்கும் தானாகக் குடியுரிமை வந்திருக்கும். பலருக்கு இது தெரியாது, வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

குடிமகன் அல்லாதவர் தவறிப்போய்ப் பதிந்தாலும் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் அது கேட்கப்படும். நாடு கடத்தல் வரை போகலாம். சந்தேகம் இருந்தால் படிவத்தைக் கொடுக்காதீர்கள்.

படிவத்தில் பிழை வருவது எங்கே

அதிகம் கெடுவது முகவரிக் கட்டம்தான். வளாக அஞ்சல் பெட்டி எண்ணை எழுதுகிறார்கள், அது வசிப்பிடம் ஆகாது. விடுதிக் கட்டடத்தின் தெரு எண், தெருப் பெயர், கட்டடப் பெயர், அறை எண் எல்லாம் வேண்டும். முகாமுக்கு முன்பே ஒவ்வொரு விடுதிக்கும் சரியான தெரு முகவரியைக் குடியிருப்பு அலுவலகத்தில் வாங்கி, ஒரே தாளில் அச்சிட்டு, எல்லாக் கிளிப்போர்டிலும் செருகிவையுங்கள். இந்த ஒரு தாள் எத்தனையோ படிவங்களைக் காப்பாற்றும். அஞ்சல் பெட்டி எண் 'தபால் முகவரி' என்ற தனிக் கட்டத்தில் வரட்டும். அதை விட்டுவிட்டால் வாக்காளர் அட்டை விடுதி வாசலிலிருந்து திரும்பிப் போய்விடும்.

அடுத்தது அடையாள எண். ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ கேட்பார்கள். உரிமம் இருந்தால் முதலில் அதைக் கேட்கும் மாநிலங்களே அதிகம். தபாலில் முதல் முறை பதிபவரின் எண் பதிவேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் வாக்குச்சாவடியில் அடையாளம் காட்ட வேண்டியிருக்கும். பெயரும் உரிமத்தில் உள்ளபடியே இருக்கட்டும். தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராகவும் இன்னொன்றில் நடுப்பெயராகவும் இருக்கும். இங்கேதான் அது இடிக்கும். கடைசியாகக் கையெழுத்தும் தேதியும். அவசரத்தில் இவற்றை விட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர். தாளை வாங்கியவுடன், அவர் எதிரில் இருக்கும்போதே மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பாருங்கள். கைபேசியில் படம் எடுக்காதீர்கள்.

ஊர் முகவரியா, வளாக முகவரியா? இரண்டில் எதுவும் மாணவரின் உரிமை. டெக்சஸின் பிரெய்ரி வியூ பல்கலைக்கழக மாணவர்களின் பதிவைக் கவுண்டி அதிகாரி தடுத்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. கூட்டாட்சிக் கல்வி உதவி இதனால் குறையாது. ஓரிடத்தில் மட்டுமே வாக்கு. ஊரில் பதிபவர் தபால் வாக்குக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

மேசையைவிட வகுப்பறை நல்லது

நடைபாதை மேசையில் வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஏற்கனவே ஆர்வம் உள்ளவர்கள். வகுப்பறையில் எல்லோரும் இருக்கிறார்கள். 16 வளாகங்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளில் நடந்த ஒரு சோதனையில், வகுப்பில் நேரில் விளக்கிப் படிவம் கொடுத்ததால் பதிவு ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளிகளும் வாக்களிப்பு 2.6 புள்ளிகளும் கூடின. இலவச முயற்சிக்கு இது பெரிய பலன்.

நாற்பது பேர் வகுப்புக்கு மூன்று தன்னார்வலர் போதும். ஐம்பது படிவம், கறுப்பு மை பேனா நாற்பது, ஒப்படைத்ததைக் குறிக்க ஒரு பதிவேடு. ஒரு நிமிடம் பேச்சு, ஏழு நிமிடம் நிரப்புதல், இரண்டு நிமிடம் சரிபார்ப்பு. 'வாக்காளராகப் பதிஞ்சிருக்கீங்களா?' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தலையாட்டிவிடுவார்கள். 'இப்ப தங்கியிருக்கிற முகவரியில பதிஞ்சிருக்கீங்களா?' என்று கேளுங்கள், பாதிப் பேர் பேனாவை எடுப்பார்கள். 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது' என்பவரிடம் ஜனநாயகப் பிரசங்கம் வேண்டாம். அவருக்கு எது சங்கடமாக இருக்கிறது என்று கேளுங்கள். வாடகையா, பேருந்தா, கல்விக் கட்டணமா? அதை முடிவு செய்வது நகர மன்றமா, மாநிலச் சட்டமன்றமா என்று சொல்லி, அந்தப் பெயர்கள் வாக்குச்சீட்டில் இருப்பதைக் காட்டுங்கள்.

பதிந்த பிறகுதான் பாதி வேலை

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒவ்வொருவரும் மாநிலத் தேர்தல் இணையதளத்தில் தன் பெயரைச் சரிபார்க்க வேண்டும். தேர்தலுக்கு முந்தைய வாரம் மூன்று கேள்வி: எத்தனை மணிக்குப் போவீர்கள், அதற்கு முன் எங்கே இருப்பீர்கள், எப்படிப் போவீர்கள்? 2008 பென்சில்வேனியா முதனிலைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது) தொலைபேசியில் இதுபோல் கேட்டதே, வீட்டில் ஒரே வாக்காளராக இருந்தவர்களிடம் வாக்களிப்பை 9 புள்ளிகள் உயர்த்தியது. வீட்டில் யாரும் நினைவூட்டாதவர்களுக்கு இந்தக் கேள்வியே நினைவூட்டல். விடுதி அறை வாழ்க்கையும் அப்படித்தான்.

அடையாள அட்டையைத் தனியாகச் சொல்லுங்கள். டெக்சஸில் கல்லூரி அட்டை செல்லாது. விஸ்கான்சினில் வழங்கிய தேதி, முடிவுத் தேதி, கையெழுத்து மூன்றும் இருந்தால்தான் செல்லும். பல கல்லூரிகளின் வழக்கமான அட்டையில் இவை இல்லாததால் தனி வாக்காளர் அட்டையே கொடுக்கிறார்கள். சாவடியில் பட்டியலில் பெயர் இல்லை என்றால் திரும்பி வராமல் தற்காலிக வாக்குச்சீட்டு (தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணப்படுவது) கேட்க வேண்டும். அது பெரும்பாலான மாநிலங்களில் கூட்டாட்சிச் சட்டம் தந்த உரிமை.

தபால் வாக்கில் இளைஞர்களின் உறைகள் அதிகம் நிராகரிக்கப்படுவதற்குக் கையெழுத்துப் பொருந்தாமை ஒரு காரணம். பதினாறு வயதில் உரிம அலுவலகத்தின் மின்திரையில் கிறுக்கியதோடுதான் பல இடங்களில் ஒப்பிடுகிறார்கள். உரிமத்தை எடுத்துப் பார்த்து அதேபோல் போடச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் பிழையைத் திருத்த அவகாசம் உண்டு, ஆனால் அறிவிப்பு வருவது படிவத்தில் எழுதிய தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.

வாக்களிக்கும் வயது வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா, புளோரிடா போன்ற மாநிலங்களில் 16 வயதிலேயே முன்பதிவு செய்யலாம், 18 ஆனதும் அது தானாகச் செயலுக்கு வரும். பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர் வாக்குச்சாவடி ஊழியராகவும் வேலை செய்யலாம், பெரும்பாலும் அதற்குச் சம்பளமும் உண்டு. கோடையிலேயே கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டுவையுங்கள், பயிற்சி வகுப்புகள் செப்டம்பரில் நிரம்பத் தொடங்கிவிடும்.