பொண்ட் படங்கள் மாறிய விதத்தை விவாதிக்க அமர்வோருக்கு

திருகோணமலையில் டச்சு விரிகுடாக் கடற்கரையிலோ உப்புவெளியில் ஒரு வீட்டு விறாந்தையிலோ நாலு சினிமா இரசிகர்கள் கூடி ஜேம்ஸ் பொண்ட் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு விரைவிலேயே பொண்டாக நடித்தவர்களில் சிறந்தவர் கொனரியா, மூரா, கிரெய்க்கா என்ற இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ரோஜர் மூரைப் பார்த்து வளர்ந்த பெரியவரும், டானியல் கிரெய்க்கைத் தவிர வேறு எவரையும் அறியாத இளைஞரும் இந்தக் கேள்வியில் ஒருவரை ஒருவர் வெல்லப்போவதில்லை. பொண்ட் படங்களைத் தயாரிக்கும் இயோன் நிறுவனம் 1962 முதல் 2021 வரை எடுத்த 25 படங்கள் எவ்வாறு மாறின என்பதை உருப்படியாகப் பேச விரும்புவோர், முதலில் நடிகர் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்தடுத்து வந்த இரண்டு படங்களைச் சோடியாக எடுத்துப் பார்ப்பதே நல்லது.

எந்தச் சோடியை எடுப்பது? தொடர் எல்லை மீறிப் பறந்த ஒரு படத்தையும், அதற்கு அடுத்ததாகத் தரையில் இறங்கிய படத்தையும் எடுக்க வேண்டும். அவ்வாறான சோடிகள் மூன்று உள்ளன. எரிமலைக்குள் ஏவுகணைத் தளம் காட்டிய 1967 ஆம் ஆண்டின் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துக்குப் பின், பொண்ட் திருமணம் செய்து அன்றே மனைவியைப் பறிகொடுக்கும் ‘ஒன் ஹேர் மஜெஸ்டிஸ் சீக்ரெட் சேர்விஸ்’ 1969 இல் வந்தது. விண்வெளியில் லேசர்ச் சண்டை நடத்திய ‘மூன்ரேக்கர்’ 1979 இல் வர, ‘ஃபோ யுவர் ஐஸ் ஒன்லி’ 1981 இல் தொடர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத காருடன் வந்த 2002 ஆம் ஆண்டின் ‘டை அனதர் டே’யை 2006 இன் ‘கசினோ ரோயல்’ பின்தொடர்ந்தது.

முதல் அமர்வுக்கு நடுச் சோடியையே நான் பரிந்துரைப்பேன். இரண்டிலும் நாயகன் மூர்தான் என்பதால், நடிகர் மாறியதனால்தான் படம் மாறியது என்று எவரும் வாதிட முடியாது. இரண்டுமே இரண்டு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டுபவை என்பதால் ஒரு போயா விடுமுறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினால் இருட்டுவதற்குள் இரண்டையும் பார்த்து முடித்து, பிளேன்ரீயும் ரோல்ஸும் வைத்துக்கொண்டு பேச உட்காரலாம். குரல் மாற்றிய பிரதியைத் தவிர்த்து மூலப் பிரதியையே போடுங்கள். மூரின் நகைச்சுவையில் பாதி அவர் சொல்லும் தொனியில் இருக்கிறது.

பார்க்கும்போது பொண்டின் கையில் என்ன கருவி இருக்கிறது, அது கைவிட்டுப் போனால் அவர் என்ன செய்கிறார் என்பதை ஒவ்வொருவரும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 1979 இல் வெனிஸ் நகரின் படகு ஒன்று கரையேறிச் சதுக்கத்தில் ஓடுகிறது. 1981 இலோ, பொண்டின் வெள்ளை லோட்டஸ் காரின் கண்ணாடியை எதிரியின் அடியாள் உடைத்ததும் கார் தானாகவே வெடித்துச் சிதறுகிறது. அதன்பின் கதாநாயகியின் சின்ன மஞ்சள் சிட்ரொயென் காரில் ஏறித் தப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் கார் வழியில் குடைசாய்கிறது; ஊர்ச்சனங்கள் சேர்ந்து அதை நிமிர்த்திவிடுகிறார்கள். படம் எடுத்தவர்கள் முந்தைய படத்தைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்வது போன்ற காட்சி அது. அதை நிறுத்தி மறுபடியும் போட்டுப் பார்ப்பது வீண்போகாது.

பேச்சில் ஒரேயொரு விதி போதும். எவர் எதைச் சொன்னாலும் “எந்தக் காட்சியில், அண்ணை?” என்று கேட்கும் உரிமை கூட்டத்தில் வயதிற் குறைந்தவருக்கும் இருக்க வேண்டும். காட்சியைக் காட்ட முடியாத கருத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடலாம்.

அடுத்து, ஏன் மாறியது என்ற கேள்விக்கு வாருங்கள். படம் தோற்றதால்தான் பாதையை மாற்றினார்கள் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. ‘மூன்ரேக்கர்’ அதுவரை வந்த பொண்ட் படங்களுள் மிக அதிக வசூல் கண்டது. ‘டை அனதர் டே’யும் வெளிவந்த காலத்தில் அப்படியே. 1977 ஆம் ஆண்டின் ‘த ஸ்பை ஹூ லவ்ட் மீ’ படத்தின் இறுதியில் அடுத்த படம் ‘ஃபோ யுவர் ஐஸ் ஒன்லி’ என்றே அறிவித்திருந்தார்கள். அதே ஆண்டில் வந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ பெற்ற வெற்றியைப் பார்த்துத்தான் விண்வெளிக் கதையை முன்னுக்கு இழுத்தார்கள். ஆகவே மேலே பறந்ததற்குக் காரணம் வெளியிலும், கீழே இறங்கியதற்குக் காரணம் உள்ளேயும் இருந்தது என்பது என் கட்சி.

உள்ளே என்றால் யார்? இயக்குநர் பெயர்களைப் பாருங்கள். 1969 ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய பீற்றர் ஹண்ட், அதற்கு முந்தைய பொண்ட் படங்களில் படத்தொகுப்பாளராக இருந்தவர். 1981 ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய ஜோன் கிளென், ‘மூன்ரேக்கர்’ உட்பட மூன்று பொண்ட் படங்களைத் தொகுத்தவர். வெட்டி ஒட்டத் தெரிந்தவர்களுக்கு எது மிகையென்று தெரிந்திருந்தது என்று வாதிடலாம். ஆனால் அதே கிளென் 1983 இல் ‘ஒக்டோபுசி’யில் பொண்டுக்குக் கோமாளி வேடம் போட்டு அணுகுண்டைச் செயலிழக்க வைத்தார் என்று எதிர்த்தரப்பு எழுந்தால், பதில் சொல்லக் கொஞ்சம் சிரமம்தான். (சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை விளாசுவதும் அந்தப் படத்தில்தான். இந்தியாவை அப்படம் காட்டிய விதத்துக்குத் தனியாக ஒரு மாலையை ஒதுக்குங்கள்.)

மூன்றாவது சோடியை எடுத்தால், 2002 இல் தொடங்கிய, ஜேசன் போர்ன் என்ற உளவாளியின் படங்களைப் பார்த்துப் பொண்ட் முரடனானான் என்பார்கள். கைகலப்புக் காட்சிகளைப் பொறுத்தவரை அதை ஏற்கலாம். ஆனால் ‘கசினோ ரோயல்’ படத்தில், படிக்கட்டுக் கொலைக்குப் பின் ஆடையோடு நீர்த்தாரையின் கீழ் ஒடுங்கியிருக்கும் பெண்ணருகே பொண்ட் தானும் நனைந்தபடி போய் அமரும் காட்சிக்குப் போர்ன் படங்களைக் காரணம் சொல்ல முடியாது. அதன் வேரை 1969 ஆம் ஆண்டுப் படத்தில் தேடுங்கள்.

2021 ஆம் ஆண்டின் ‘நோ டைம் டு டை’ படத்தின் முடிவைப் பார்க்காதவர் கூட்டத்தில் இருந்தால் அதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். எல்லோரும் பார்த்திருந்தால், 2025 இல் தொடரின் படைப்புக் கட்டுப்பாடு அமேசன் எம்.ஜி.எம். நிறுவனத்தின் கைக்குப் போனதை நினைவூட்டி, அடுத்த படம் மேலே பறக்குமா தரையில் நிற்குமா என்று ஒவ்வொருவரையும் காரணத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லி, தாள்களை வீட்டுக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.