மனக்காயத்தைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்து, வன்முறை, பேரிடர், எதிர்பாராத மரணம் ஆகியவற்றால் மனம் காயப்பட்டவர்களுக்குத் துணை நிற்க வரும் புதிய ஆலோசகர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். ஒவ்வொரு அணியிலும் அதே பிழைகள் அதே நல்லெண்ணத்தோடு நிகழ்கின்றன. அவற்றில் பல என் தொடக்க காலத்திலும் இருந்தவைதாம். பாதிக்கப்பட்டவர்கள் தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் பிழைகளும் இவற்றிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை என்பதால், இரு தரப்பினரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், உடலை அசைக்க வேண்டும் என்பன போன்று எல்லோருக்கும் தெரிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்" என்று வற்புறுத்துவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். துயரத்தை உள்ளே வைத்திருந்தால் அது அழுகிப்போகும், வாய்விட்டுச் சொல்லி அழுதுவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால், நிகழ்வு முடிந்து ஓரிரு நாள்கூட ஆகாதவரை உட்கார வைத்து, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்கிறோம்.

சாலை விபத்தில் உடன் வந்தவரை இழந்த ஒரு பெண்ணிடம் புதிய தன்னார்வலர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். காவலர்களிடமும் மருத்துவரிடமும் உறவினர்களிடமும் அவர் அதே கதையை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். தன்னார்வலர் மிகக் கனிவாகத்தான் கேட்டார்: "அந்த நொடியில் உங்களுக்கு என்ன தோன்றியது? என்ன சத்தம் கேட்டது?" அந்தப் பெண் பதில் சொல்லத் தொடங்கினார், பாதியில் அவருடைய குரல் ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாகிப்போனது. மடியிலிருந்த கைப்பையின் பிடியை இறுக்கிய விரல்கள் வெளிறிவிட்டன. பார்வை சுவரில் ஓரிடத்தில் நிலைத்து நின்றது. பெயரைச் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. மனம் நன்றாகத் திறந்துகொள்கிறது என்று தன்னார்வலர் நினைத்தார். உண்மையில் அந்தப் பெண் அறையில் இல்லை. விபத்து நடந்த இடத்துக்கே மீண்டும் போய்விட்டிருந்தார். கேள்விகளை நிறுத்தச் செய்து, கால்களைத் தரையில் ஊன்றவும், எதிரே தெரியும் பொருள்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லவும் வைத்து, அவரை அறைக்கு மீட்டு வருவதற்குள் நெடுநேரம் ஆகிவிட்டது.

இது ஒரு தனிமனிதரின் கைக்குற்றம் அன்று; ஒரு காலத்தில் இதுவே முறையான சிகிச்சையாகக் கருதப்பட்டது. 1983இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்பு வீரர்கள் போன்ற அவசரப் பணியாளர்களுக்காக, கொடிய நிகழ்வுக்குப் பின் குழுவாக அமர்ந்து அதைப் பற்றிப் பேசும் முறை ஒன்றை வகுத்தார். பணியாளர் குழுக்களுக்கென்று வகுக்கப்பட்டதைப் பின்னர் பலரும் தனிமனிதர்களுக்கும் ஒரே அமர்வாகச் சுருக்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். தீக்காயம் அடைந்தவர்களிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 13 மாதங்களுக்குப் பின், இந்த அமர்வைப் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. பெறாதவர்களில் அது 9 விழுக்காடு மட்டுமே. அமர்வைப் பெற்ற குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2000இல் வெளியான ஆய்வும் அதே திசையையே காட்டியது: தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில் அமர்வைப் பெறாதவர்கள் காலப்போக்கில் தேறினார்கள், பெற்றவர்கள் அதே நிலையில் தங்கிவிட்டார்கள். எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, இதைக் கட்டாயமாக நடத்துவதை நிறுத்த வேண்டும் என்று 2002இல் வெளிப்படையாகவே கூறியது.

அப்படியானால், நடந்ததை விரிவாகப் பேச வைக்கும் சிகிச்சைகள் மட்டும் எப்படிப் பயன் தருகின்றன என்று பயிற்சியில் தவறாமல் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சையில், நிகழ்வை மீண்டும் மீண்டும் சொல்வதுதான் மையம். ஆனால் அங்கே சொல்பவருக்கு அதை ஏன் செய்கிறோம் என்று தெரியும். தொடங்கலாமா, எங்கே நிறுத்தலாம் என்பது அவர் கையில் இருக்கும். பயம் எழுந்து, மெல்லத் தணியும்வரை அருகில் ஒருவர் இருப்பார். அடுத்த வாரமும் அதே நபர் வருவார். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் வரை இது தொடரும். ஒரே நாளில் புண்ணைக் கிளறிவிட்டுக் கிளம்பிப் போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, சொல்லப்படும் கதையில் இல்லை. அதன்மீது யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதில் இருக்கிறது. மனக்காயத்தை உண்டாக்கும் நிகழ்வுகள் அனைத்தும் மனிதரின் விருப்பத்தைக் கேட்காமல் நடப்பவை. உதவி என்ற பெயரிலும் அவருடைய விருப்பத்தைக் கேட்காமல் ஒன்றைச் செய்தால், அந்தப் பழைய அனுபவத்தையே நாம் நீட்டிக்கிறோம்.

முதல் நாள்களில் செய்ய வேண்டியது இதைவிட எளியது. உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் பிற அமைப்புகளுடன் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதை மூன்று செயல்களாகச் சொல்கிறது: பார், கேள், இணை. பாதுகாப்பான இடமா, தண்ணீரும் போர்வையும் இருக்கின்றனவா, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். அவர் பேசினால் காது கொடுத்துக் கேளுங்கள். பேசாவிட்டால் அருகில் அமைதியாக இருங்கள். பின்னர் அவருடைய மனிதர்களிடமும் தேவையான சேவைகளிடமும் அவரைக் கொண்டுசேர்த்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் சிகிச்சை எதுவும் இல்லாமலே, தம் மனிதர்களின் துணையோடு சில வாரங்களில் தேறிவருகிறார்கள் என்பதைப் புதியவர்கள் நம்பவே மறுக்கிறார்கள்.

"உன்னைவிடப் பெரிய துன்பம் பட்டவர்கள் இருக்கிறார்கள்"

யாரிடமும், எப்போதும் சொல்லாதீர்கள்.

விலகியே இருப்பதை அமைதி என்று எண்ணுவது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, நடந்ததைத் தொடவே கூடாது என்ற மறுமுனைக்குப் போய்விடுபவர்களும் உண்டு. விபத்துக்குள்ளான ஒருவர் முதலில் விபத்து நடந்த சாலைச் சந்திப்பை மட்டும் தவிர்ப்பார். அடுத்து அந்தச் சாலையையே தவிர்ப்பார். பிறகு வாகனத்தில் ஏறுவதை விட்டுவிடுவார். கடைசியில் வாகன ஓசை கேட்கும் சன்னலை அடைத்துவைப்பார். ஒவ்வொரு முறை விலகும்போதும் உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே, "தப்பித்தேன், அது உண்மையிலேயே ஆபத்தான இடம்தான்" என்று மூளைக்குப் பாடம் கற்பித்துவிடுகிறது. இந்தப் பாடத்தை மாற்றச் சிறு படிகள் போதும்: நின்றுகொண்டிருக்கும் வாகனத்தில் நம்பிக்கையான ஒருவரோடு அமர்வது, பிறகு தெருமுனைவரை போய்வருவது, அது சலிப்பூட்டும் அளவுக்குப் பழகிய பின் அடுத்த படி. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவிடாமல், அது சற்றே இறங்கும்வரை அங்கேயே இருப்பதுதான் முக்கியம். உண்மையில் ஆபத்து நீடிக்கும் இடங்களுக்கு, குறிப்பாக வன்முறை செய்பவர் இன்னும் இருக்கும் வீட்டுக்கு, இது அறவே பொருந்தாது. அங்கிருந்து விலகுவதே சரி.

தூங்குவதற்காகக் குடிப்பது

கண்ணை மூட வைக்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, கெட்ட கனவுகளை மீண்டும் வரவழைக்கும்.

மற்றவரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது

பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளும் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும் வீடுகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதிர்ச்சி நேர்ந்த முதல் மாதத்தில் எழும் பதற்ற அறிகுறிகளுக்கும் தூக்கமின்மைக்கும் இவற்றைக் கொடுக்கக் கூடாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஏற்கெனவே நெடுநாளாக எடுத்துவருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டு, படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எல்லோருக்கும் கண்மூடித் தியானம்

மூச்சைக் கவனிப்பது பலருக்கு உதவுகிறது. ஆனால் கழுத்து நெரிக்கப்பட்டவருக்கோ, நீரில் மூழ்கிப் பிழைத்தவருக்கோ, மூச்சின்மீது கவனம் திரும்புவதே நினைவைக் கிளப்பிவிடக்கூடும். இருட்டறையில் துன்புறுத்தப்பட்டவருக்குக் கண்ணை மூடச் சொல்வதும் அப்படித்தான். கண்களைத் திறந்தபடியே பாதம் தரையில் அழுந்துவதை உணர்வது, கையில் குளிர்ந்த நீரை விட்டுக்கொள்வது, இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் உரக்கச் சொல்வது ஆகியவை இத்தகையவர்களுக்குப் பாதுகாப்பானவை. எந்தப் பயிற்சியானாலும், நிறுத்திக்கொள்ளலாம் என்பதைத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதக் கணக்கைத் தவறாகப் பிடித்துக்கொள்வது

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்ற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறை, இன்றைய அளவுகோலின்படி, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் உறுதிசெய்கிறார்கள். ஆகவே இரண்டாம் வாரத்தில் தூக்கம் கெடுவதையும் திடுக்கிடுவதையும் வைத்து எவருக்கும் நோய்ப் பெயர் சூட்டாதீர்கள். மாறாக, மாதங்கள் கடந்தும் நிகழ்வு கண்முன் மீண்டும் மீண்டும் விரிந்துகொண்டிருந்தால், "காலம் ஆற்றும்" என்று காத்திருக்காமல், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலோ, கண்ணசைவு வழியிலான ஈ.எம்.டி.ஆர். சிகிச்சையிலோ பயிற்சி பெற்றவரிடம் செல்லுங்கள். நிகழ்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இவை பலனளிக்கின்றன.

தற்கொலை எண்ணம் எழுந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், அவரைத் தனியே விடாமல், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் அப்புறப்படுத்தி, அன்றைக்கே மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அந்த எண்ணம் உங்களுக்கே எழுந்திருந்தால், இதைப் படிப்பதை இத்துடன் நிறுத்திவிட்டு, இப்போது உங்கள் அழைப்பை எடுக்கக்கூடிய ஒருவரையோ, அவசர உதவி எண்ணையோ அழையுங்கள்.